கீழ்ப்படியாமை என்று எழுதியிருந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உனக்கு அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும். நானும் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மனசுதான் புதன்கிழமையிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பதாம் தேதிக்குள் உன் ஆபீசில் கேட்ட மன்னிப்புக் கடிதத்தை நீ இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை கொடுக்காதே. இன்றைக்குத் தேதி பதினெட்டு. ஐந்து நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும், நீ உடனே அம்மா ஒண்ணும் யோசிக்காத, மாத்திரை போட்டியா என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்து என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, உன் மாமா வந்து சரி பண்ணுகிறேன் என்று கழற்றி இப்போது நன்றாகவே ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல் என் ரவிக்கை அளவையே மூன்று தடவை எடுத்துவிட்டாள். அப்பா போன இந்த நான்கு மாதத்தில் இளைத்துவிட்டேனாம். அப்பாவின் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. மருந்து வைக்கும் குளிர் அறை இரண்டு நாள் ஓடாமல் கிடந்ததும், ஓடியதாக நோட்டில் எழுதச் சொல்லி உன் மேலதிகாரி சொன்னதும், நீ மாட்டேன் என்றதும், உனக்கு ஓலை வந்ததும் எல்லாம் சொன்னாய். அதில் கீழ்ப்படியாமைன்னு போட்டிருக்காங்கம்மா என்று சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி ஆனது. நான் என்ன சொன்னேன். ஊரெல்லாம் செய்யறதுதானே, ரெண்டு எண்ணு எழுதினா உன் கை தேஞ்சா போயிடும், மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு என்றேன். அதோடு விடாமல், இருபத்தாறு வருஷம் அந்த மில்லுல ஒருத்தரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷனுக்குப் பொறந்துட்டு நீ எப்படிடி இப்படி ஆனே என்றும் கேட்டேன். நீ சரிம்மா யோசிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாய். அந்தப் பேச்சைத்தான் இப்போது விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு என்று நீயே சொல். உனக்குத் தெரியாத அப்பாவா. சவரக்கடைக்காரர் கை தவறி மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டதற்கு, பரவால்லைங்க, இன்னொரு பக்கத்தையும் எடுத்துடுங்க என்று சொல்லி மொட்டை உதட்டோடு வந்து நின்ற மனுஷன். நீ யாரோ என்று பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாய். சாப்பாட்டில் நான் உப்பை இரண்டு தரம் போட்ட அன்றைக்குத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார், நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெருவில் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டாலும் மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அப்பாவை எடுத்த அன்று வந்திருந்த மில் ஆட்கள் மன்னிப்பண்ணன் போயிட்டாரே என்று பேசிக்கொண்டார்கள். இதற்காகத்தான் அந்தப் பெயர் என்று நான் நினைத்தேன். அந்தத் துக்கத்திலும் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

புதன்கிழமை மில்லுக்கு வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். அப்பாவின் இரும்பு அலமாரி வேறு ஆளுக்கு வேண்டுமாம், காலி பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். போனேன். ஆபீசில் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், கோந்து மாமாவை என்னோடு அனுப்பினாள். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், அட்டை ஒட்டுகிற பகுதியில் இருப்பவர், சட்டையெல்லாம் கோந்து காய்ந்து விறைத்துப் போயிருக்கும். ஒரு காலத்தில் நம் வீட்டுக்கு வாராவாரம் வருவார், அப்புறம் வராமல் போய்விட்டார். அலமாரியில் பூட்டு தொங்கியது. அந்தப் பெண் வெட்டும் கத்திரியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, வெட்டட்டுமா அண்ணி, பூட்டுக்காரர் இல்ல, நீங்க சொன்னாத்தான் வெட்டுவேன் என்றார். ஒரு துருப்பிடித்த பூட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு விசித்திரமாக இருந்தது. அப்பாவின் சாவிக்கொத்து நாலு மாதமாக என் பையில்தான் இருக்கிறது, அதில் சின்னச் சாவியைப் போட்டேன், திறந்துகொண்டது.

உள்ளே ஒரு சட்டை, சோப்பு, ஸ்பேனர் இரண்டு, நீ நாலாவது படிக்கும்போது எடுத்த போட்டோ, இன்னொரு பூட்டு, அதோடு கம்பியில் கட்டிய தகரத் துண்டு. தகரத்தில் மன்னிப்பு என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். மில் முத்திரை இருந்தது, நல்ல தாள். ஏதோ பாராட்டுப் பத்திரம், எனக்குக்கூடக் காட்டவில்லையே என்று சந்தோஷமாக எடுத்துப் படித்தேன். நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியும், விரலை வைத்துத்தான் படிப்பேன். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. கீழ்ப்படியாமை என்று எழுதியிருந்தது. மேலே அப்பா பெயர், அப்பாவின் தகப்பனார் பெயர், ஃபிட்டர் என்று வேலை, எல்லாம் சரியாக இருந்தது. ஆள் மாறி வந்த காகிதமாக இருக்கும் என்று திரும்ப முதலிலிருந்து படித்தேன். திரும்பவும் அதே இடத்தில் அதே சொல். ஞாயிற்றுக்கிழமைதான் உன் வாயால் அதைக் கேட்டேன். எனக்குக் காது அடைத்துவிட்டது அம்மாடி, அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். கீழ்ப்படிதல் என்று நல்ல குணங்கள் பாடத்தில் இருந்தது, கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்வார் டீச்சர். அதில் தவறுகிற பிள்ளையை மணலில் முட்டி போட வைப்பார். ஐம்பது வயசுக்குப் பக்கத்தில் இருந்த மனுஷனைப் பார்த்து, அதுவும் நம் வீட்டு மனுஷனைப் பார்த்து, அதை யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள். கோந்து மாமாவைக் கேட்டேன். வெட்டும் கத்திரியை அலமாரிமேல் வைத்தார். அப்புறம், எங்க வாயில அதுக்கு முரண்டுன்னு பேரு அண்ணி, ஆபீஸ் வாயில கீழ்ப்படியாமை என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பழைய காகிதத்தைத் தண்ணீரோடு அரைக்கிற பெரிய தொட்டி இருக்கிறதாம், கிணறு மாதிரி, அடியில் கத்தி சுற்றுமாம். கம்பி, சாக்கு எல்லாம் கத்தியில் சுற்றிக்கொண்டால் ஒரு ஆள் உள்ளே இறங்கி எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் பூட்டிவிட்டு, தன் பெயர் எழுதிய தகரத்தையும் மாட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார்களாம். பூட்டியவன்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் வேறு ஆள் தொடக்கூடாது, அது அங்கே வழக்கம், சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம், அன்றைக்கு இறங்கும் முறை இருந்த கோந்து மாமாவின் பூட்டு சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. வெளியே லாரி நிற்கிறது. மேனேஜர் வந்து, அவன் மறந்துட்டுப் போயிருப்பான், பூட்டை வெட்டி மெஷினைப் போடு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா மாட்டேன் என்றிருக்கிறார். மூன்று தடவை, எல்லார் முன்னாலும். மூன்றாவது தடவை அப்பா வெட்டும் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு சுவிட்சுக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பூட்டுக்காரன் வரட்டுங்கய்யா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லையாம். குரலைக்கூட உயர்த்தவில்லையாம்.

நான் பதறிப்போய் அப்போ நீங்க உள்ள இருந்தீங்களா என்றேன். இல்லை என்றார். காய்ச்சல் வந்து பூட்டை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாராம். தொட்டிக்குள் ஒரு ஈ காக்கை இல்லையாம். எட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நாலு மணி நேரம் மெஷின் நின்றதாம், வீட்டுக்கு ஆள் அனுப்பி இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து திறக்க வைத்த பிறகுதான் அப்பா எழுந்தாராம். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் எதற்கு இந்தப் பிடிவாதம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதற்குக் கோந்து மாமா சொன்னார், உள்ள ஆள் இருந்தா யாரும்தான் வெட்டமாட்டான் அண்ணி, ஆள் இல்லாதப்ப ஒருதரம் வெட்டிட்டா அப்புறம் அது பூட்டு இல்ல, வெறும் தகரம், நாளைக்கு எதை நம்பி இறங்கறது என்று. இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவ்வளவு செஞ்ச மனுஷன் கடைசில மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாரு, அதைத்தான் தாங்க முடியல, ஒரு வாரம் போர்டுல ஒட்டி வெச்சாங்க, மன்னிப்புங்கற அந்தப் பேரை முதல்ல வெச்சவனே நான்தான் என்றார்.

மன்னிப்பா, எப்போது எழுதினார், எனக்குத் தெரியாமலா. நேராக ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் அப்பாவின் ஃபைலை மூடிக் கட்டுவதற்காக மேஜையில்தான் வைத்திருந்தாள். எனக்கு அவளிடம் முதலில் அந்தச் சொல்லுக்குத்தான் அர்த்தம் கேட்க வேண்டியிருந்தது. மேல இருக்கறவங்க சொன்னதைக் கீழ இருக்கறவங்க செய்யலேன்னா அதும்மா, அதுல சரி தப்புங்கறதெல்லாம் வராது என்றாள். சரி, அடுத்தவன் பூட்டைத் தொடாதேன்னு நீங்கதானே சுவத்துல எழுதி வெச்சிருக்கீங்க, மேனேஜரே தொடச் சொன்னா அதுக்கு என்ன பேரு என்று கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன். அவள் பக்கத்து மேஜையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அதுக்குப் பேரு நிர்வாக முடிவும்மா என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அதற்குள் அவள் தாளைப் புரட்டிவிட்டாள்.

டைப் அடித்த கடிதம். நான் செய்தது கீழ்ப்படியாமை என்பதை உணர்ந்து வருந்துகிறேன், என் செயல் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன், இனி அதிகாரிகள் சொற்படி நடப்பேன் என்று இருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து. அப்பா தன் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கிவிடுவார். இதில் வால் கீழே தொங்கியது. கீழே தொங்கவிடுவது நான். உன் மார்க் அட்டையில் ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை இருக்கிற அப்பா கையெழுத்தெல்லாம் நான் போட்டதுதானே. அவர் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார், வீட்டுக்கு வருகிற காகிதத்துக்கெல்லாம் நான்தான் அவர் பெயரைப் போடுவேன். உனக்கும் தெரியும், உன் டீச்சருக்கும் தெரிந்திருக்கும்.

நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், ஞாபகப்படுத்திப் பார். மெஷின் ரிப்பேர், லீவு விட்டிருக்காங்க என்று பத்தொன்பது நாள் அப்பா வீட்டில் இருந்தாரே, கதவு ஜன்னலுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்தாரே, வாசனை தலைவலிக்கிறது என்று நீ மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தாயே. அது லீவு இல்லையாம். அந்தப் பூட்டு விஷயத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்களாம். பத்தொன்பதாம் நாள் அவர் பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது ஆபீஸ் பியூன் வந்தான். அண்ணி, அண்ணனை நாளைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க, இதுல ஒரு கையெழுத்து மட்டும் வேணும், சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும் என்றான். வீட்டிலேயே இருந்து இருந்து மனுஷன் முகம் செத்துப்போயிருந்ததே, கூப்பிட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் ஜன்னல் கட்டையில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பியூனுக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தேன். அப்பா வந்ததும் சொன்னேன். கையில் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். படிச்சுப் பார்த்தியா என்று கேட்டார். இல்லையே, வேலைக்குக் கூப்பிட்ட காகிதம்தானே என்றேன். சரி விடு என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கதவுக்கு இரண்டாவது பூச்சு அடிக்க ஆரம்பித்துவிட்டார். லீவு முடிந்துவிட்டதே என்று வருத்தம் போலிருக்கிறது என்று நான் கேலிகூடப் பண்ணினேன்.

நான் எழுந்து போய்க் கோந்து மாமாவிடம் சொன்னேன், இது அவர் போட்டதில்லை, நான் போட்டது என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, நான் போடலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி, ஒன்பது வருஷமா நாங்க அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டோம், திரும்பிப் பார்த்தாரே என்றார். சொல்லியிருந்தால் அப்போ யார் போட்டது என்று கேட்பார்கள் அல்லவா. திருட்டுக் கையெழுத்து என்று நம் வீட்டு வாசலுக்கு வருவார்கள் அல்லவா. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொன்றும் அவர் சொன்னார். அந்தக் கடிதத்தைப் போர்டில் ஒட்டிய பிறகு பூட்டை யாரும் நம்பவில்லையாம். யாராவது தொட்டிக்குள் இறங்கினால் அப்பா தானாக வந்து சுவிட்சு முன்னால் நிற்பாராம், உள்ளே போனவன் ஏறி வரும் வரை. ஷிப்ட் முடிந்திருந்தாலும் நிற்பாராம். எவ்வளவு நாள் நான் ஆறிப்போன சோற்றை அவர் முன்னால் வைத்து, வீடு வாசல் நெனப்பு இருந்தா நேரத்துக்கு வரமாட்டீங்களா என்று திட்டியிருக்கிறேன். மன்னிச்சுக்க என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

வியாழக்கிழமை திரும்பப் போனேன். இந்தக் கையெழுத்து என் வீட்டுக்காரர் போட்டதல்ல, அவருக்குத் தெரியாமல் நான் போட்டது, அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தாள் கிழித்துத்தான் எழுதினேன். அந்தப் பெண், செத்தவங்க ஃபைல்ல புதுசா எதையும் சேர்க்க முடியாதும்மா, நீங்க போட்டீங்கன்னு எழுதினா உங்களுக்குத்தான் வம்பு, வீட்டுக்குப் போங்க என்றாள். வம்பு வரட்டும் என்று அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. பெரியவர் ஒருவர் வந்து, சொன்னா கேக்க மாட்டீங்களா என்றார். காகிதம் உள்ள போகட்டுங்கய்யா என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அது என் குரல் மாதிரியே இல்லை. மூன்று மணிக்கு அந்தப் பெண் எழுந்து வந்து, என் கையிலிருந்து தாளை வாங்கி, முத்திரை குத்தி, நான் பார்க்கும்படி ஃபைலில் வைத்துக் கட்டினாள். போர்டில் ஒட்டுவார்களா என்று கேட்டேன். மாட்டார்கள் என்றாள். வெளியே வந்தேன், கோந்து மாமா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். என் பையிலிருந்த தகரத்தை வாங்கி ஒரு ஆணியால் அந்தப் பெயரைச் சுரண்டிக்கொண்டே என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். போர்டு எதுக்கு அண்ணி, நான் சொல்லிக்கிறேன் ஒவ்வொருத்தன் கிட்டயும் என்றார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குளிர் அறைக் கணக்கு எனக்குப் புரியாது. கெட்டுப்போன மருந்தை நல்ல மருந்து என்று எழுதினால் அதை யாரோ ஒருவர் நம்பித்தான் குடிப்பார் என்பது மட்டும் புரிகிறது. அப்பா மாதிரி இரு என்று நான்தான் உன்னிடம் சொன்னேன், அப்பா யார் என்று தெரியாமல் சொன்னேன். சின்ன வயசில் உன்னை அடங்காதவள் அடங்காதவள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவர் ஒரு தடவையாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா. நான் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் இல்லாமல் இல்லை, நேற்று முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனால் வா. வீடு இருக்கிறது, பின்பக்கக் குழாயைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. வராமல் அங்கேயே வேறு வேலை பார்த்தாலும் சரி. முடிவு உன்னுடையது, நான் இனிமேல் போனில் ஒன்றும் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். படிக்காமல் போட்ட மன்னிப்பு நம் வீட்டிலிருந்து ஏற்கனவே ஒன்று போயிருக்கிறது. நீ இன்னொன்று கொடுக்க வேண்டியதில்லை.

குளிர் அறைக்குள் போகும்போது காலுக்குக் கனத்த உறை போட்டுக்கொண்டு போ, உனக்குக் கால் சீக்கிரம் மரத்துவிடும், அப்பாவுக்கும் அப்படித்தான். தலைக்கு எண்ணெய் வை. எந்தக் காகிதம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துப் பார், அவசரம் என்று சொன்னால் இரண்டு தடவை படி. உன் தலைமேல் என் கை எப்போதும் இருக்கிறது, அப்பாவின் கையும் இருக்கும். நல்லபடியாக இரு, நிமிர்ந்து இரு.

இப்படிக்கு
உன் அம்மா
(வால் கீழே தொங்குகிறது பார், இது நானே என் பெயருக்குப் போட்டது)